பால்கனியிலிருந்து தொங்கிய வயரும் எங்கள் அபார்ட்மென்ட்டின் சார்ஜிங் கதையும்

எங்கள் அபார்ட்மென்ட்டில் எல்லாம் ஒரு வயரில்தான் ஆரம்பித்தது. முதல் மாடி பால்கனியிலிருந்து மஞ்சள் வயர் ஒன்று கீழே தூண்களுக்கு நடுவில் இருக்கிற ஸ்டில்ட் பார்க்கிங் வரைக்கும் தொங்கும், அதன் நுனியில் ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், அதைத் தரையில் படாமல் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் மேல் வைத்திருப்பார்கள், அதிலிருந்து மின்சார ஸ்கூட்டருக்குச் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும். மழை வந்தால் பாக்ஸ் மேல் ஒரு பக்கெட்டைக் கவிழ்த்து வைப்பார்கள். இதைப் பார்த்து ஆறு மாதம் நாங்கள் எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

சென்னைக்குத் தெற்கே, பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குப் பக்கம் எங்கள் கட்டடம். 2011-இல் கட்டியது. 36 வீடுகள், ஸ்டில்ட்டுக்கு மேல் நான்கு மாடி. 2022-இல் யாரும் முன்வராததால் நான் அசோசியேஷன் செக்ரட்டரி ஆனேன். வேலை சாஃப்ட்வேர், மின்சாரம் பற்றித் தெரிந்தது பல்பு மாற்றுகிற அளவுக்குத்தான். அடுத்த இரண்டு வருடத்தில் கேபிளின் ஸ்கொயர் எம்எம் பற்றித் தூக்கத்தில் பேசுகிற நிலைமைக்கு வந்துவிட்டேன். அதில் கற்றுக்கொண்டதை, செய்த முட்டாள்தனங்களோடு சேர்த்து எழுதுகிறேன். உங்கள் கட்டடத்தில் முதல் மின்சார கார் வந்துவிட்டது என்றால் உபயோகப்படலாம்.

முதல் கார் மூன்றாவது மாடியில் வாடகைக்கு இருந்த தம்பியுடையது. 30 யூனிட் பேட்டரி உள்ள சின்ன எஸ்யூவி. பம்ப் ரூமுக்குப் பக்கத்துத் தூணில், என்றைக்கோ பிளம்பருக்காகப் போட்டு வைத்த 15 ஆம்ப் சாக்கெட் ஒன்று இருந்தது. அதில் காரோடு வந்த சார்ஜரைச் செருகிக்கொள்ளட்டும், மாதம் ஆயிரம் ரூபாய் கொடுத்துவிடட்டும் என்று கமிட்டியில் பேசி முடித்தோம். எழுத்தில் எதுவும் இல்லை. அந்த ஆயிரம் ரூபாய்தான் முதல் தப்பு. அடுத்த பொது மீட்டர் பில் கூடுதலாக வந்ததும், அந்த இரண்டு மாதத்தில் தண்ணீர் மோட்டார் எவ்வளவு ஓடியது என்று யாரும் பார்க்கவில்லை, எல்லோரும் அந்தத் தம்பியைத்தான் பார்த்தார்கள். அவருக்கோ, பாதி நாள் வீட்டிலிருந்து வேலை செய்கிற நமக்கு எதற்கு ஆயிரம் என்ற வருத்தம். இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது, அளப்பதற்கு மட்டும் ஒன்றும் இல்லை. ஒரு சப் மீட்டர் வாங்கி மாட்டியிருந்தால் அந்த மூன்று மாதச் சண்டையே வந்திருக்காது.

இரண்டாவது தப்பு அந்த சாக்கெட். 3.3 கிலோவாட் சார்ஜர் என்றால் கிட்டத்தட்ட 14, 15 ஆம்ப். அயர்ன் பாக்ஸோ கீசரோ அவ்வளவு இழுத்தாலும் பத்து நிமிடத்தில், அரைமணியில் நின்றுவிடும். கார் அப்படி இல்லை, பேட்டரி காலியாக வந்தால் ஒன்பது, பத்து மணி நேரம் ஒரே சீராக இழுக்கும். வீட்டு சாக்கெட் உள்ளே இருக்கிற பித்தளைத் தகடு கொஞ்சம் தளர்ந்திருந்தால் போதும், அந்த இடம் சூடாகி, சூட்டில் இன்னும் தளர்ந்து, மேலும் சூடாகும். ஒருநாள் விடியற்காலை நாலு மணிக்கு வாட்ச்மேன் அண்ணன் போன் செய்தார். "சார், பம்ப் ரூம்கிட்ட பிளாஸ்டிக் கருகுற வாசனை வருது." போய்ப் பார்த்தால் பிளக்கின் ஒரு கால் சாக்கெட்டோடு உருகி ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் தூங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் யோசிக்கவே பிடிக்கவில்லை. அன்றைக்கே அதை எடுத்துவிட்டோம். இப்போது எங்களிடம் வீட்டு சாக்கெட் ஒன்றுகூடக் கிடையாது, எல்லாம் நீல நிற மூடி போட்ட 16 ஆம்ப் இண்டஸ்ட்ரியல் சாக்கெட். விலை வித்தியாசம் ஒரு ஹோட்டல் சாப்பாட்டுக் காசுதான்.

மூன்றாவது தப்பைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஒரு கரண்ட் கட் தேவைப்பட்டது. அதற்குள் இரண்டாவது கார் வந்து, அதுவும் பொது லைனில்தான் இருந்தது. பொது லைன் என்றால் லிஃப்ட், மோட்டார், மாடிப்படி லைட் எல்லாம் இருக்கிற லைன். கரண்ட் போனால் அது தானாக ஜெனரேட்டருக்கு மாறும், எங்களுடையது 15 கேவிஏ. ஒரு சாயங்காலம் கரண்ட் போனது, ஜெனரேட்டர் எடுத்தது, இரண்டு கார்களும் ஒன்றும் தெரியாத மாதிரி தொடர்ந்து இழுத்தன, மோட்டாரும் ஓடிக்கொண்டிருந்தது, அந்த நேரம் பார்த்து யாரோ லிஃப்ட் பட்டனை அழுத்த, மொத்தமும் ட்ரிப். உள்ளே நாலாவது மாடிப் பாட்டி. இருபது நிமிடம். பாட்டி வெளியே வந்ததும் என்னிடம் சொன்னது ஒரே வார்த்தைதான், அதை இங்கே எழுத முடியாது. டீசல் எரித்து காரை சார்ஜ் செய்துகொண்டிருந்தோம் என்பது அதைவிடக் கேவலம். ஆகவே நீங்கள் எலக்ட்ரீஷியனிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "இந்த லைன் ஜெனரேட்டரில் வருமா?" என்பதுதான். வரும் என்றால் அந்த லைனில் கார் கூடாது.

இவ்வளவுக்குப் பிறகுதான் ஜெனரல் பாடி கூட்டினோம். கூட்டத்தில் பாதி நேரம் தீ பற்றியே போனது. 2022 மார்ச்சில் வேலூரில் வீட்டில் சார்ஜ் போட்டிருந்த ஸ்கூட்டர் தீப்பிடித்து, அந்தப் புகையில் அப்பாவும் மகளும் இறந்துபோன செய்தி எல்லோர் மனதிலும் இருந்தது, அந்தப் பயத்தை நான் கேலி செய்யமாட்டேன். அதற்குப் பிறகு மின்சார ஸ்கூட்டர் பேட்டரிக்கான ஏஐஎஸ் 156 என்ற பாதுகாப்பு விதிகளை 2022 டிசம்பரிலும் 2023 மார்ச்சிலும் இரண்டு கட்டமாகக் கடுமையாக்கினார்கள் என்பது உண்மை, ஆனால் அதைச் சொன்னால் பயந்தவர்கள் சமாதானம் ஆவதில்லை. நான் கேட்டது வேறு. சார்ஜிங் வேண்டாம் என்று இந்தக் கூட்டத்தில் தீர்மானம் போட்டால் என்ன நடக்கும்? பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் எடுத்துப் போவார்கள், ஹாலில், வாசல் கதவுக்குப் பக்கத்தில் வைத்து சார்ஜ் போடுவார்கள், மஞ்சள் வயர் ஒன்று ஐந்தாகும். கீழே ஸ்டில்ட்டில், காற்றோட்டமான இடத்தில், சரியான பிரேக்கரோடு, மாடிப்படிக்கும் ஜெனரேட்டர் டீசலுக்கும் தள்ளி இருப்பது நல்லதா, இது நல்லதா? கொஞ்சம் அமைதி ஆனது.

அப்புறம் இரண்டாவது மாடி மாமா எழுந்தார். ரிடையர்டு ஆடிட்டர். "எனக்குக் காரே கிடையாது, நான் எதுக்கு இதுக்குக் காசு கொடுக்கணும்?" இதற்குப் பதில் அன்றைக்கு என்னிடம் இல்லை. முதல் மாடிக்காரர்கள் லிஃப்ட்டுக்குக் கொடுக்கவில்லையா என்று யாரோ சொன்னார்கள், அது சண்டைக்குத்தான் உதவியது.

அதற்குள் சார்ஜர் மாட்டித் தருகிற கம்பெனிக்காரர்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு கம்பெனி எல்லாம் இலவசம் என்றது, ஒப்பந்தத்தைப் படித்தால் பத்து வருடத்துக்கு வேறு யாரையும் உள்ளே விடக்கூடாது, விசிட்டர் பார்க்கிங்கில் இரண்டு இடம் அவர்களுக்கு, யூனிட் விலை அவர்கள் வைப்பதுதான். இன்னொருவர் 7.4 கிலோவாட்டில் இரண்டு சார்ஜர் பொதுவாக வைத்துக்கொள்ளுங்கள், ஆப்பில் புக் செய்து மாற்றி மாற்றிப் போடலாம் என்றார். காகிதத்தில் அழகாக இருந்தது. ராத்திரி ஒரு மணிக்குச் சார்ஜ் முடிந்த காரை யார் எழுந்து வந்து நகர்த்துவார்கள் என்று கேட்டேன். நோட்டிஃபிகேஷன் வரும் சார் என்றார். அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை போலிருக்கிறது.

திருப்பம் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை கணக்குப் போட்டு உட்கார்ந்தபோதுதான். கார் எவ்வளவு வேகமாகச் சார்ஜ் ஆகும் என்பதைத்தான் அதுவரைக்கும் எல்லோரும் பேசிக்கொண்டிருந்தோம், ஒரு நாளைக்கு எவ்வளவு வேண்டும் என்பதை யாரும் கேட்கவில்லை. எங்கள் ஆட்கள் ஓஎம்ஆர் போய்வருகிறவர்கள், நாளைக்குச் சராசரி 40 கிலோமீட்டர். ஒரு யூனிட்டுக்கு 7 கிலோமீட்டர் என்று வைத்தால் 6 யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவு, சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்து ஆறரை. 3.3 கிலோவாட் சார்ஜரில் அது இரண்டு மணி நேர வேலை. கார் ராத்திரி பத்து மணி நேரம் சும்மா நிற்கிறது. பத்து கார் என்றால் மொத்தம் 65 யூனிட், அதை எட்டு மணி நேரத்தில் பரப்பினால் சராசரி 8 கிலோவாட்தான். அதே பத்து காரும் 7.2 கிலோவாட் சார்ஜரில் ஒன்பது மணிக்கு ஒரே நேரத்தில் செருகினால் 72 கிலோவாட். அதே கார், அதே கிலோமீட்டர். இந்த இரண்டு எண்களையும் நோட்டீஸ் போர்டில் பெரிதாக எழுதி ஒட்டினேன். வேண்டியது வேகமில்லை, முறை என்பது அதற்கப்புறம் எல்லோருக்கும் புரிந்தது, ஆடிட்டர் மாமாவுக்கு முதலில்.

அடுத்து, கட்டடத்தில் மிச்சம் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க வேண்டும். எலக்ட்ரீஷியன் அண்ணனோடு வயரைக் கவ்விப் பிடித்து எத்தனை ஆம்ப் ஓடுகிறது என்று காட்டுகிற கிளாம்ப் மீட்டரை எடுத்துக்கொண்டு மெயின் பேனலில் அளந்தோம். மே மாதம் ராத்திரி பத்தரை மணிக்கு ஃபேஸுக்கு 140 ஆம்ப், எல்லா வீட்டிலும் ஏசி எடுக்கிற நேரம். இரண்டு மணிக்கு 95. நாலு மணிக்கு 70. மெயின் ஸ்விட்ச் 250. இதை டிசம்பரில் அளந்திருந்தால் 45 என்று பார்த்துவிட்டு, இடம் தாராளமாக இருக்கிறது என்று ஏமாந்திருப்போம். அளப்பதென்றால் மே மாதத்தில்தான் அளக்க வேண்டும், அதுவும் சாப்பாட்டுக்கு அப்புறம். இதைச் செய்யாமல் யார் வந்து கொட்டேஷன் கொடுத்தாலும் அது ஊகம்தான்.

அளந்தபோது இன்னொன்றும் தெரிந்தது. அதற்குள் மூன்றாகியிருந்த கார்களும், கட்டடத்துக்கு வருகிற மூன்று ஃபேஸில் ஒரே ஃபேஸில், ஆர் ஃபேஸில். அந்த வயர்தான் பக்கத்தில் இருந்தது என்று வந்த எலக்ட்ரீஷியன்கள் எல்லோரும் அதிலேயே கொடுத்திருக்கிறார்கள். மூன்றும் சேர்ந்தால் 45 ஆம்ப், ஏசி நேரத்தில் அந்த ஃபேஸ் மட்டும் மூச்சுத் திணறும். அதற்கு முந்தைய வாரம் ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு ஃபேஸ் ஃப்யூஸ் போய் பாதி கட்டடம் இருட்டானதற்குக் காரணம் அதுதான். நாங்கள் ஈபியைத் திட்டிக்கொண்டிருந்தோம்.

கட்டணம். இதில் நிறையப் பேர் குழம்புகிறார்கள். தமிழ்நாட்டில் வீட்டு மீட்டருக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு பில், படிப்படியாக ஏறும், 500 யூனிட்டைத் தாண்டினால் யூனிட் 8 ரூபாய்க்கு மேல், 1000 தாண்டினால் 11 ரூபாய்க்கு மேல். கார் இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் கேட்கிறது என்று வையுங்கள். 450 யூனிட் எரிக்கிற வீட்டில் அதைச் சேர்த்தால் அந்த 300-க்கும் யூனிட்டுக்கு ஒன்பது ரூபாயை ஒட்டி ஆகும். மூன்று ஏசி போட்டு ஏற்கெனவே 800 எரிக்கிற வீட்டில் அதே 300 யூனிட் பதினோரு ரூபாயை ஒட்டி வரும். பொதுப் பகுதி மீட்டருக்கோ ஒரே விலை, எட்டு ரூபாய்க்கு மேல், 2022 செப்டம்பரில் தனியாகக் கொண்டுவந்த கட்டணம், அதற்கு மேல் கிலோவாட்டுக்கு நிலைக்கட்டணம். அதாவது "வீட்டு மீட்டரிலிருந்து இழுத்துக்கொள்" என்பது சிக்கனமாகக் குடும்பம் நடத்துகிறவருக்குச் சரி, ஏசிக்காரருக்கு நஷ்டம். எப்படிப் பார்த்தாலும் கிலோமீட்டருக்கு இரண்டு ரூபாய்க்குள் அடங்கிவிடும், பெட்ரோல் காரோடு ஒப்பிட்டுச் சண்டை போடத் தேவையில்லை.

பன்னிரண்டு வீடு, பதினாறு வீடு உள்ள சின்னக் கட்டடம் என்றால் நான் இப்போதும் வீட்டு மீட்டரிலிருந்து தனி லைன் இழுப்பதைத்தான் சொல்வேன். அவரவர் மீட்டர், அவரவர் பில், அசோசியேஷனுக்குக் கணக்கு வேலை இல்லை. மத்திய மின்துறை அமைச்சகம் 2022 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதலிலேயே வீட்டில் இருக்கிற இணைப்பிலிருந்து வண்டியைச் சார்ஜ் செய்துகொள்ளலாம் என்று தெளிவாகச் சொல்லியிருந்தார்கள். லோடு மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், ஈபியில் பதிந்திருப்பது 4 கிலோவாட் என்றால் 7.2 கிலோவாட் சார்ஜர் மாட்டும் முன் லோடைக் கூட்டிக்கொள்ள வேண்டும். வயர் தடிமனும் முக்கியம். மீட்டர் ரூமிலிருந்து 40 மீட்டர் தள்ளி இருக்கிற இடத்துக்கு 2.5 ஸ்கொயர் எம்எம் செம்பு வயர் இழுத்தால், 15 ஆம்ப் ஓடும்போது 11 வோல்ட் அளவுக்கு வழியிலேயே போய்விடும், 6 ஸ்கொயர் எம்எம் என்றால் நாலரைக்குள் நிற்கும். வயர் செலவில் மிச்சம் பிடிப்பவர் அந்த மிச்சத்தை வாழ்நாள் முழுக்க பில்லில் கொடுத்துக்கொண்டிருப்பார்.

எங்களுக்கு 36 வீடு. 36 வயர் மீட்டர் ரூமிலிருந்து கிளம்பினால் ஸ்டில்ட் கூரை சேமியா மாதிரி ஆகிவிடும். அதனால் கார்களுக்கென்று தனி மின் இணைப்பு என்று முடிவு செய்தோம். முடிவெடுத்துக் கொட்டேஷன் வாங்கிக்கொண்டிருந்தபோதுதான் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது.

இரண்டு நாள் எங்கள் ஸ்டில்ட்டில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். பழைய சாக்கெட்டுகள் முழுகின, நல்லவேளையாக மெயினை முன்னாடியே இறக்கிவிட்டோம். தண்ணீர் வடிந்ததும் சுவரில் தெரிந்த சேற்றுக்கோட்டை பெயிண்ட்டால் குறித்து வைத்தேன். கம்பெனிக்காரரின் படத்தில் பேனல் தரையிலிருந்து இரண்டடியில் இருந்தது. இப்போது எங்கள் பேனல் அடிப்பாகமே ஆறடி உயரத்தில் இருக்கிறது, சின்ன ஏணி வைத்துத்தான் திறக்க வேண்டும், சாக்கெட்டுகள் ஐந்தடியில். பார்க்கக் கொஞ்சம் விசித்திரமாக இருக்கும். வேளச்சேரி, முடிச்சூர், பள்ளிக்கரணைப் பக்கம் இருப்பவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. உங்கள் கட்டடத்தில் 2015-இல் தண்ணீர் எங்கே நின்றது என்று பழைய வாட்ச்மேனைக் கேளுங்கள், எந்த இன்ஜினியரையும்விட அவருக்கு நன்றாகத் தெரியும்.

தனி இணைப்புக்கு வழியிருக்கிறதா என்ற சந்தேகம் 2024 பிப்ரவரியில் தீர்ந்தது. மின் நுகர்வோர் உரிமை விதிகளில் திருத்தம் செய்து, மின்சார வண்டி சார்ஜ் செய்வதற்குத் தனி இணைப்பு வாங்கிக்கொள்ளலாம் என்று மத்திய அரசு சொல்லிவிட்டது. அந்த அறிவிப்பைப் பிரிண்ட் எடுத்து, அசோசியேஷன் தீர்மானம், கட்டட வரைபடம், பேனல் எங்கே வரும் என்று கையால் போட்ட படம் எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டு ஈபியின் ஏஈ (உதவிப் பொறியாளர்) ஆபீஸுக்குப் போனேன். மூன்று முறை நடக்க வைத்தார்கள், ஒவ்வொரு முறையும் ஒரு காகிதம் குறைவு. இங்கே ஒரு அனுபவம்: தீர்மானத்தில் "சார்ஜிங் வசதி செய்ய ஒப்புதல்" என்று மட்டும் எழுதாமல் எத்தனை கிலோவாட், யார் பெயரில், யார் கையெழுத்துப் போடுவார் என்பதையும் எழுதிவிடுங்கள். எங்களுடையதில் அது இல்லாமல், அதற்காகவே இன்னொரு கூட்டம் போட வேண்டியிருந்தது.

25 கிலோவாட் கேட்டோம். ஏன் 25? கார்களை இரண்டு குழுவாகப் பிரித்தோம், ஒரு குழுவுக்கு ராத்திரி 12 முதல் 3, இன்னொன்றுக்கு 3 முதல் 6. குழுவுக்கு ஐந்து கார், 16.5 கிலோவாட். ஸ்கூட்டர் பதினொன்று, ஒன்றுக்கு 750 வாட் வைத்தாலும் எட்டேகால். மொத்தம் 25-க்குள் வந்து நின்றது. மூன்று மணி நேரத்தில் கிட்டத்தட்ட 10 யூனிட் ஓடும், அறுபது கிலோமீட்டருக்குத் தாராளம். பகலில் ஆறு முதல் ஆறு எல்லோருக்கும் திறந்திருக்கும், சாயங்காலம் ஆறு முதல் நள்ளிரவு வரை கார் லைன் எல்லாம் ஆஃப். இதற்கு ஸ்மார்ட் லோடு மேனேஜ்மென்ட் என்று ஒருவர் லட்சக்கணக்கில் விலை சொன்னார். பேனலில் இரண்டு டைமரும் இரண்டு கான்டாக்டரும் (டைமர் சொல்கிறபடி பெரிய லோடை ஆன், ஆஃப் செய்கிற ஸ்விட்ச்) வைத்து எங்கள் எலக்ட்ரீஷியன் அண்ணன் முடித்துவிட்டார், தெருவிளக்குக்கு வைக்கிற அதே சமாசாரம். நூறு, இருநூறு வீடு உள்ள கட்டடத்துக்கு இது போதாது, அங்கே மொத்த லோடைப் பார்த்துத் தானாகக் கூட்டிக் குறைக்கிற அமைப்பு தேவைதான், அதை நான் மறுக்கவில்லை. ஒரே ஒரு குழப்பம் வந்தது: ஒருவர் காரின் ஆப்பிலும் நேரம் வைத்திருந்தார், இரவு 10 முதல் 12 வரை, எங்கள் டைமரோ 12-க்குத்தான் திறக்கும். மூன்று நாள் கார் சார்ஜ் ஏறவில்லை, சர்வீஸ் சென்டருக்கே போய்விட்டு வந்தார் பாவம்.

பேனலிலிருந்து ஸ்டில்ட் கூரையை ஒட்டி எல்லா பார்க்கிங் இடத்துக்கும் மேலே போகிற மாதிரி கேபிள் ட்ரே. இன்றைக்குக் கார் இல்லாத இடத்துக்கும் சேர்த்துத்தான். மூன்று ஃபேஸுக்கும் பார்க்கிங் இடங்களை வரிசையாகப் பங்கிட்டு, தூணில் ஆர், ஒய், பி என்று பெயிண்ட்டில் எழுதிவிட்டோம். ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு சப் மீட்டர், 30 மில்லி ஆம்ப் லீக்கேஜில் ட்ரிப் ஆகிற பிரேக்கர். அதிலும் டைப் ஏ என்று கேட்டு வாங்க வேண்டும், கடையில் சும்மா கேட்டால் பெரும்பாலும் டைப் ஏசி கொடுத்துவிடுவார்கள், காருக்கு அது போதாது. வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு பட்டன், அழுத்தினால் வண்டி லைன் மொத்தமும் ஆஃப், வாட்ச்மேன்கள் இரண்டு பேருக்கும் அதை அழுத்திப் பழக்கியிருக்கிறோம். சார்ஜர்? அதை அசோசியேஷன் வாங்கவே இல்லை. காரோடு வருவதையே செருகுகிறார்கள். சுவரில் மாட்டுகிற பெட்டி வேண்டும் என்பவர் தன் செலவில் மாட்டிக்கொள்ளலாம், 3.3-க்கு மேல் இழுக்கக்கூடாது என்பது மட்டும் நிபந்தனை.

பணம். மொத்தம் 2 லட்சத்து 88 ஆயிரம் ஆனது, வீட்டுக்கு எட்டாயிரம் கணக்கு. ஆடிட்டர் மாமாவின் கேள்விக்கு கடைசியில் வழி சொன்னது அவரேதான். கார்பஸ் ஃபண்டிலிருந்து (கட்டடத்தின் பொதுச் சேமிப்பு) அசோசியேஷன் கடன் மாதிரி போடட்டும், இணைப்பு எடுக்கிறவர் காருக்கு 20 ஆயிரம், ஸ்கூட்டருக்கு 5 ஆயிரம் கட்டட்டும், அது திரும்ப கார்பஸுக்கே போகட்டும். கார் இல்லாதவர் கையிலிருந்து ஒரு பைசா போகாது, ஆனால் பிற்பாடு வாங்கினால் அதே 20 ஆயிரம்தான், கூடவும் கிடையாது குறையவும் கிடையாது. ஒரே கூட்டத்தில் பாஸ் ஆனது. இன்றைக்கு ஒன்பது கார், பதினொரு ஸ்கூட்டர், 2 லட்சத்து 35 ஆயிரம் திரும்பிவிட்டது, இன்னும் 53 ஆயிரம் வர வேண்டும்.

பில் பிரிப்பதில் ஒரு சின்ன விஷயம். யூனிட்டுக்கு இவ்வளவு என்று நிரந்தர விலை வைக்காதீர்கள். நிலைக்கட்டணத்தை இணைப்பு எடுத்தவர்களிடம் சமமாகப் பிரித்துவிட்டு, மீதி பில்லை சப் மீட்டர் யூனிட்டுகளின் கூட்டுத்தொகையால் வகுத்தால் அந்த மாத விலை வந்துவிடும். மெயின் மீட்டருக்கும் சப் மீட்டர்களுக்கும் எப்போதும் இரண்டு மூன்று சதவீதம் இடிக்கும், இப்படி வகுத்தால் அந்த இடிப்பும் தானாகப் பரவிவிடும். நிரந்தர விலை வைத்திருந்த பக்கத்துக் கட்டடத்தில், கட்டணம் ஏறியது தெரியாமல் ஒரு வருடம் அசோசியேஷன் கைக்காசு போட்டிருக்கிறது.

பார்க்கிங் இடம் யாருடையது என்ற பழைய பஞ்சாயத்தும் இதில் கிளம்பும், தயாராக இருங்கள். ஸ்டில்ட் பார்க்கிங் பொதுப் பகுதி, அதை பில்டர் தனியாக விற்க முடியாது என்று ஒரு மகாராஷ்டிர வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010-லேயே சொல்லியிருக்கிறது, ஆனால் இங்கே எல்லோரும் காசு கொடுத்து வாங்கினோம் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நாங்கள் அதற்குள் போகவில்லை. இணைப்பு வீட்டு எண்ணுக்குச் சொந்தம், பார்க்கிங் இடத்துக்கு இல்லை, வாடகைக்காரர் போனால் சாக்கெட் ஓனருக்கு, அவ்வளவுதான் எழுதினோம். முதல் காரின் தம்பி வீடு காலி செய்தபோது இது உதவியது.

புதுக் கட்டடத்தில் வீடு வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2019-இலேயே மத்திய அரசின் மாதிரிக் கட்டட விதிகளில் பார்க்கிங் இடத்தில் 20 சதவீதத்துக்குச் சார்ஜிங் வசதி என்று சேர்த்துவிட்டார்கள். பில்டர் இரண்டு சார்ஜரைக் காட்டி போட்டோ எடுத்துக்கொள்ளச் சொன்னால் மயங்காமல், என் பார்க்கிங் இடத்துக்கு மீட்டர் ரூமிலிருந்து வயர் இழுக்கக் காலிப் பைப் வருகிறதா, மெயின் பேனலில் காலி இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். கட்டும்போது அந்தப் பைப்புக்கு ஆகும் செலவு ஒன்றுமே இல்லை, பின்னாடி கான்கிரீட்டைக் குடைவதற்குத்தான் ஆள் கிடைக்காது.

எர்த்திங்கைக் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம் இருக்கிறது, எங்களை இன்னும் படுத்துவது அதுதான். எர்த் சரியில்லை என்றால் கார் சார்ஜர் சிவப்பு விளக்கு போட்டுவிட்டுச் சும்மா நிற்கும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் சில வோல்ட் அதிகமாகத் தெரிந்தாலே சில கார்கள் மறுத்துவிடும். ஃபிரிட்ஜும் மிக்ஸியும் பத்து வருடமாக அதே எர்த்தில் ஓடியதால் யாருக்கும் அது செத்துப்போனது தெரியாது. பேனலுக்கென்று புதிதாக இரண்டு எர்த் பிட் (எர்த் கம்பி இறங்குகிற குழி) போட்டோம், இருந்தாலும் கோடையில் மண் காய்ந்தால் எர்த் பலவீனமாகும், வாரம் ஒருமுறை இரண்டு பக்கெட் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று வாட்ச்மேன் அண்ணனிடம் சொல்லி வைத்திருந்தேன். அவர் போன மாதம் தங்கை மகள் கல்யாணத்துக்கு ஊருக்குப் போனார், புது ஆளிடம் நான் சொல்ல மறந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு இரண்டு காரில் சிவப்பு விளக்கு, அதில் ஒன்று பாண்டிச்சேரி கிளம்ப வேண்டிய குடும்பம், லக்கேஜெல்லாம் ஏற்றி முடித்திருந்தார்கள். நைட் பேண்ட்டோடு கீழே ஓடி, கார்டன் ஹோஸை எடுத்து எர்த் பிட்டில் வைத்துவிட்டு, அவர்களை மேலே போய் ஒரு காபி குடித்துவிட்டு வரச் சொன்னேன். அவர்கள் இறங்கி வருவதற்குள் விளக்கு பச்சையாகிவிட்டது.